கதையும் ஆட்டமும் கைப்பேசியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விஞ்ஞானக் கதைகள், பழைய ஆட்டங்கள், கைப்பேசி வாழ்க்கை ஆகிய மூன்றைக் குறித்தும் நமக்குத் தோன்றுவனவற்றைக் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் புலவரும் அல்லோம், விஞ்ஞானியும் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு நின்று புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதப் புகுந்தோம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

1864-ஆம் ஆண்டில் ஜூல்ஸ் வெர்ன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், மாந்தர் பூமியின் நடுவை நோக்கி இறங்கிச் செல்வதாக ஒரு கதை எழுதினார். உலகம் அக்கற்பனையை வியந்தது. நம் பாட்டன்மாருக்கோ பூமிக்குள் இறங்குதல் அன்றாட வேலை! வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் கூண்டிலேறிப் பாதாளம் புகுந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது.

1965-இல் அங்கே, ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கருவிகளை அமைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். வானிலிருந்து பொழியும் ஏனைய துகள்களைப் பாறை தடுக்கும். நியூட்ரினோவோ பாறையையும் ஊடுருவும். ஆதலின் அவ்வாழம் வேண்டியிருந்தது. அவ்வாழத்தை வெட்டிய கைகள் எவருடையவை? விஞ்ஞானம் வேற்றூர்ச் சரக்கன்று, சிறார்களே!

நம் அண்டை நகராம் பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராயிருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டவரே எழுத்தாளர் சுஜாதா. அவருடைய 'என் இனிய இயந்திரா' கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசும், நூலும் படிக்கும். தொழிலறிந்தவர் கற்பனை செய்தால், அக்கற்பனைக்கும் கால் முளைக்கும் என்பது நம் கருத்து.

இனி ஆட்டத்திற்கு வருவோம். வைகுண்ட ஏகாதசி இரவில் வீட்டார் கூடிப் பரமபதம் ஆடினர். அதில் பாம்பு நம்மை விழுங்கும். 1997-இல் நோக்கியா கைப்பேசியில் வந்த ஆட்டத்தில் நாமே பாம்பானோம்! ஆட்டம் பழையதாயினும் புதியதாயினும் குற்றமில்லை. கூடி ஆட ஆளிருக்கின்றதா என்பதே கேள்வி.

அண்மையில் நம் லைனில் ஒரு காட்சி கண்டோம். பேரன் கைப்பேசியில் பொன் தோண்டும் ஆட்டம் ஆடிக் கொண்டிருந்தான். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பாட்டனார் எட்டிப் பார்த்து, "ஏனடா, மேலே முட்டுக் கொடுக்கவே இல்லையே! பாறை வெடித்தால் இவன் எங்கே ஓடுவான்?" என்றார். பையன் திகைத்து, "நீங்கள் எங்கே ஓடினீர்கள், தாத்தா?" என்று கேட்டான். அன்றிரவு கைப்பேசி கீழே கிடந்தது. கிழவர் இருமியிருமிச் சொன்னார். பையன் வாய் மூடாது கேட்டான்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம்மவர் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறி, பெங்களூரில் உழைத்து, விளக்கேற்றிய பின்னரே வீடு திரும்புகின்றனர். மக்களோடு இருக்கக் கிடைப்பது ஒரு நாழிகையே. அதனையும் கைப்பேசிக்குக் கொடுத்தல் தகுமோ? தொலைவிலுள்ள தங்கையின் முகத்தைக் காட்டும் கருவியை நாம் பழிக்கவில்லை. அதே கருவி, அருகிலுள்ள தந்தையின் முகத்தை மறைக்கலாகாது என்கிறோம்.

ஒரு வேண்டுகோள். பாதாளம் கண்ட முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இவ்வாரமே அவர்கள் அருகில் அமருங்கள். அக்கைப்பேசியிலேயே அவர்தம் குரலைப் பதிவு செய்யுங்கள். நாளை நும்மில் ஒருவர் எழுதப்போகும் விஞ்ஞானக் கதைக்கு அதுவே மூலப்பொன்.