மடிக்கணினியும் இரண்டாம் படியும்



மடிக்கணினி வைத்திருப்போர் பலரும் என்றேனும் ஒருநாள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இதில் இடம் போதவில்லை, மேலதிகமாக ஒரு சேமிப்பகம் வாங்க வேண்டும், எதனை வாங்கலாம்?" என்பதே அது. சிறிய கேள்விதான். ஆயினும், கண்டாவளையில் வாழும் ஒருவர் இதனைக் கேட்கும்போது அதன் பொருள் விரிவடைகின்றது.

கனகராயன் ஆற்று நீர் இரணைமடுக் குளத்தில் தங்கி, மிகுந்தபோது கண்டாவளைப் பக்கமாகப் பாய்ந்து சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகின்றது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருமழையில் அக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. இப்பிரிவின் பல ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்கு முன்னர், 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் காலத்தில், மக்கள் கையில் எடுத்தவற்றோடு இடம்பெயர்ந்தனர். திருமணப் படம், பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் எனப் போனவை பல. இன்று எஞ்சியவற்றின் பிரதிகளும், பின்னர் வந்தவையும் கணினிக்குள் இருக்கின்றன. ஆகவே, சேமிப்பகத்தைத் தெரிவுசெய்தல் இடத்தைப் பற்றிய கணக்கு மாத்திரமன்று. இழப்பைப் பற்றிய கணக்குமாகும்.

முதலில், கணினிக்குள்ளேயே பொருத்துவதை எண்ணிப் பார்ப்போம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டரை அங்குலச் சேமிப்பகத்துக்கு இடமுண்டு. புதியவை பலவற்றில் எம்.2 எனப்படும் சிறு பட்டையே பொருந்தும். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உள. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது இயங்காதிருக்கலாம். சில கணினிகளில் மாற்றவே இயலாது. எனவே, கணினியின் மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுதல் நன்று. ஆனால், உள்ளே எத்தனை சேமிப்பகம் பூட்டினாலும், கணினி நீரில் மூழ்கினால் அனைத்தும் ஒன்றாகவே மூழ்கும். அச்சத்துக்கு மருந்து வெளியே வைக்கும் சேமிப்பகமே.

வெளிச் சேமிப்பகமும் இருவகைத்து. ஒன்று வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலமான 50 தட்டுகள் சுழன்றன. அது கொண்டதோ 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைக்குள் அடங்கும் பெட்டியிலும் தட்டு சுழல்கின்றது. ஆதலால், இயங்கும்போது விழுந்தாலும் குலுங்கினாலும் பழுதடையக்கூடும். விலை குறைவு; கொள்ளளவு மிகுதி.

மற்றது எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை, விரைவும் அதிகம், பையில் இட்டுப் பேருந்தில் செல்வோருக்கு ஏற்றது. ஆனால், தகவலை மின்னேற்றமாகவே அது தாங்கி நிற்கின்றது. மின்னிணைப்பின்றி வெப்பமான இடத்தில் பல்லாண்டு கிடந்தால் அவ்வேற்றம் தளரக்கூடும். ஆகவே, அலுமாரியில் வைத்து மறந்துவிடுவதற்கு அது உகந்ததன்று.

கொள்ளளவு எவ்வளவு வேண்டும்? ஒரு புகைப்படம் 5 மெகாபைட் எனக் கொண்டால், 1 டெராபைட்டில் ஏறத்தாழ 2 இலட்சம் படங்கள் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். இதனைக் கணினியில் இணைத்ததும் 931 கிகாபைட் என்று காட்டினால், வியாபாரி ஏமாற்றினார் என எண்ண வேண்டா. விற்போர் ஆயிரத்தால் பெருக்குவர். கணினி 1024ஆல் வகுக்கும். ஆனால், நம்பமுடியாத மலிவு விலையில் பெருங்கொள்ளளவு என்று விற்கப்படுவனவற்றை அஞ்சுக. பொய்யான அளவைக் காட்டும் போலிகள் உண்டு. நிரம்பிய பின்னர் எழுதியவை அழிந்துபோகும். வாங்கியவுடன் நிறைய எழுதி, மீண்டும் திறந்து பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த பொருளுக்கு வருகின்றேன். ஒரே பெரிய சேமிப்பகத்துக்குச் செலவிடும் பணத்தை இரண்டு சிறியனவற்றுக்குப் பங்கிடுங்கள். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அக்காலப் பதிப்பாசிரியர்கள் ஒரே நூலுக்குப் பல ஏட்டுப்பிரதிகளைத் தேடியது ஏன்? ஓர் ஏட்டிற் செல்லரித்த இடத்தை மற்றோர் ஊரிலிருந்த ஏடு காத்துத் தரும் என்பதனாலன்றோ? நம் முன்னோர் ஏட்டைப் படியெடுத்துப் பல இல்லங்களில் வைத்தமையால் நூல்கள் பிழைத்தன. ஒரே படியாக இருந்தவை மறைந்தன.

அவ்வழியே நாமும் செய்யலாம். ஒரு படி வீட்டில் இருக்கட்டும். மற்றப் படி யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். போய்வரும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். பழையது புதுப்பிக்கப்படும், பழுதும் தெரியவரும். பிறர் வீட்டில் இருப்பதற்குக் கடவுச்சொல் இடுக. அச்சொல்லை மறவாதிருக்க ஒழுங்கும் செய்க. காணிப் பத்திரத்தின் படம் மூலத்துக்கு ஈடாகாது. எனினும், மூலம் தொலைந்த நாளில் இலக்கமும் திகதியும் அறிந்து அலுவலகத்தை நாட அது துணைசெய்யும்.

கடையில் நிற்கும்போது, "எவ்வளவு கொள்ளும்?" என்று மட்டும் கேளாதீர்கள். "இவ்வீட்டில் வெள்ளம் புகுந்தால் என் குழந்தையின் முதற் படம் எங்கே இருக்கும்?" என்று உங்களையே கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தால், எதை வாங்குவது, எத்தனை வாங்குவது என்பன தாமே தெளிவாகும்.