கிரகங்களும் சாட்சிகளும்

(கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



செவ்வாய் என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது தோஷம்தான். ஜாதகத்தில் ஒரு கட்டத்தில் செவ்வாய் இருக்கிறதென்று சொல்லி, ஒரு பெண்ணின் கலியாணத்தையே நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் அந்தக் கிரகத்தின் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்களா? தொட்டுப் பார்த்த கருவிகள் சொல்வதைத்தான் இன்று நாம் பேச வந்தோம்.

2018-இல் அமெரிக்கர்கள் 'இன்சைட்' என்ற யந்திரத்தைச் செவ்வாயில் இறக்கி, நடுக்கத்தை உணரும் கருவியொன்றைத் தரையில் வைத்தார்கள். 2022 வரையில் 1,300-க்கு மேற்பட்ட நடுக்கங்களை அது அறிவித்தது. எந்தப் பெண்ணின் தலையெழுத்தும் அதில் தென்படவில்லை.

ஆனால் ஒரு கருவி ஒரு சாட்சிதான். நடுக்கம் பிறந்த இடத்தைத் துல்லியமாக அறியப் பல இடங்களில் கருவி வேண்டும். 1969 முதல் 1972-க்குள் அப்போலோ 12, 14, 15, 16 ஆகிய பயணங்களில் சந்திரனில் நான்கு இடங்களில் அப்படி வைத்தார்கள். 1977 வரை அவை கம்பியில்லாமல் பூமிக்குச் செய்தி அனுப்பின. ஒரே நடுக்கம் ஒவ்வோரிடத்துக்கும் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, சில நடுக்கங்கள் 700 கிலோமீட்டருக்கும் கீழே பிறக்கின்றன என்று கண்டார்கள்.

நம்மவர் சங்கதி என்ன? நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையை இடித்துச் சந்திர மண்ணைப்போல் செய்து சோதனை நடத்தினார்கள். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-இல் இறங்கிற்று. அதிலிருந்த பத்து வெப்ப உணர்விகள் கொண்ட கோல், மேல்மண் கொதிக்கையில் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிர் என்று காட்டிற்று. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் வண்டி பூமியோடு நேரே பேசாது. விக்ரமிடம் சொல்லும், விக்ரம் மேலே அனுப்பும்.

இதையே விரித்துப் பாருங்கள். சின்னஞ்சிறு கருவிகளை ஏராளமாகத் தூவுவது. ஒன்று அடுத்ததற்குச் சொல்ல, கடைசியில் பெரிய யந்திரம் பூமிக்குச் சொல்வது. ஒன்று செத்தாலும் செய்தி வேறு வழியாய்ப் போகும். கிரகங்களை ஆராய இனிச் செய்ய விரும்பும் ஏற்பாடு இதுதான். இடைஞ்சல் குளிரும் மின்சாரமும். சந்திரனில் இரவு நம் கணக்கில் 14 நாள். விக்ரமும் பிரக்யானும் ஒரு பகலுக்கென்றே செய்யப்பட்டவை. இரவு கழிந்ததும் எழுப்பிப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. வரவில்லை என்றே உலகத்துக்குச் சொன்னார்கள். பலிக்காதபோது ஜோசியர் அப்படிச் சொன்னதுண்டா?

இதனால் கல்வராயன் மலைக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். வெள்ளிமலையில் மழை கொட்டும்போது அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் வெயில் காயலாம். சரிவுகள்தோறும் மழையையும் மண்ணின் ஈரத்தையும் உணரும் கருவிகளை வைத்து, மேட்டுக்கு மேடு செய்தி கடத்தினால், கோமுகி ஆற்றில் வெள்ளம் வருமுன்னே கரையில் உள்ளவர்கள் அறியலாம். சந்திரனுக்கு அனுப்பிய புத்தியை மலை ஜனங்களுக்கும் அனுப்புங்கள் என்று சர்க்காரை நாம் கேட்க வேண்டாமா?

ஒரு கருவி பிசகினால் பக்கத்துக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். ஜாதகத்துக்குச் சாட்சி யார்? இனி தோஷமென்று ஒருவன் வாசலில் வந்து சொன்னால், "எந்தக் கருவியால் கண்டாய்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை உங்கள் பெண்ணின் கலியாணத்தை நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.