ஓடி உதவும் முன்



தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒருவர் மயங்கி விழுந்தால் லயமே திரண்டு ஓடும். ஆனால், அவரை வீழ்த்தியது நச்சு வாயு என்றால், தூக்கப் போகிறவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். கழிவுக் குழியில் விழுந்த ஒருவரைக் காப்பாற்ற இறங்கி, அடுத்தடுத்து பலர் உயிரிழந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன.

இரசாயனம் நமக்குப் புதிதல்ல. ரப்பர் பால் கெடாமலிருக்க அமோனியா, உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட், களைக்குப் பாராகுவாட் என்று அவற்றோடு வாழ்ந்தவர்கள் நாம். தோட்டத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் தாமான்களுக்கு வந்த பிறகும் அவை நம்மை விட்டுப் போகவில்லை. ஐஸ் ஆலைகளில் அமோனியா உண்டு. நெடுஞ்சாலையில் இரசாயன லாரிகள் ஓடுகின்றன.

2019 மார்ச் மாதம் ஜொகூர், பாசிர் கூடாங்கில் நடந்தது நினைவிருக்கும். சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட கழிவிலிருந்து கிளம்பிய ஆவி பள்ளி மாணவர்களைத் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

இத்தகைய நேரத்தில் பொம்பாவின் ஹஸ்மாட் குழு வந்ததும் உள்ளே பாய்வதில்லை. "ஏன் சும்மா நிற்கிறார்கள்?" என்று கோபப்படாதீர்கள். அவர்கள் முதலில் தேடுவது பொருளின் பெயரை. லாரிப் பலகையில் 1005 என்றிருந்தால் அமோனியா, 1017 என்றால் குளோரின். மூக்கை நம்ப முடியாது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப் போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவோம். கதிரியக்கத்துக்கோ வாசனையே இல்லை. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் அரிய மண் ஆலை விட்டுச் சென்ற தோரியக் கழிவைக் கருவியால்தான் அளக்க முடியும்.

பிறகு இடத்தை மூன்று வளையங்களாகப் பிரிப்பார்கள். உள்வளையத்துக்குள் காற்றுப் புகாத உடையும் முதுகில் காற்று உருளையும் அணிந்தவர்கள் மட்டுமே செல்வர். இருவர் உள்ளே போனால், அவர்களை மீட்க வேறு இருவர் தயாராக நிற்பர். நடு வளையத்தில் எல்லாரையும் கழுவிச் சுத்தப்படுத்திய பின்னரே வெளியே விடுவார்கள்.

அவர்கள் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியவை:

முதலாவது, விலகுங்கள். புகை மூட்டத்தைக் கடக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, காற்று வரும் பக்கமாகப் போங்கள். 999-ஐ அழையுங்கள்.

இரண்டாவது, தூரத்திலிருந்தே பலகை எண்ணையும் நிறத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். அருகில் போகாதீர்கள்.

மூன்றாவது, மேலே பட்டிருந்தால் உடையைக் களைந்து, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். உடையைத் தலைவழியே இழுக்காமல் வெட்டி எடுப்பது நல்லது.

நான்காவது, மருத்துவமனை வாசலிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் சிகிச்சையே மாறும். பாராகுவாட் குடித்தவருக்குத் தேவையின்றி ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் மேலும் கெடும். 2020 ஜனவரி 1 முதல் அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தாலும், பழைய ஸ்டோரில் லேபிள் இல்லாத புட்டி இருக்கலாம். மருந்தைக் குளிர்பான போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

உதவும் மனத்தைக் கைவிடச் சொல்லவில்லை. விலகி நின்று சரியான தகவல் கொடுப்பதும் உயிரைக் காக்கும் உதவிதான்.