சூடான பெட்டியா, குளிர்ந்த பெட்டியா?



லண்டன் லூயிஷாம் சிவன் கோயிலில் மாலைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அண்ணை, அப்பா வைச்சிருந்த அம்ப்ளிஃபையர் ஒண்டு வீட்டிலை கிடக்கு. ஆட்டுக்கல்லு மாதிரிப் பாரம். அரை மணித்தியாலம் ஓடினாக் கை வைக்கேலாது. இப்ப கடையிலை கையகலப் பெட்டி ஒண்டு, அதைவிடக் கூட வாட் எண்டு விக்கிறாங்கள். தொட்டாச் சூடே இல்லை. ஆனா சூடில்லாத பெட்டியிலை இனிமை எங்கை இருக்கும் எண்டு மாமா சொல்லுறார். எதை வைச்சிருக்கிறது?" என்று கேட்டார். பிரசாத வரிசையில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விடயமல்ல. அதனால் இன்று வானொலியில் சொல்கிறேன்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஊஞ்சலை இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஆட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள்தான் அந்த இருவர். அவை வேலை செய்யும் விதத்தை வைத்து ஏ, பி, ஏபி, டி என்று வகுப்புகளாகப் பிரிப்பார்கள். ஏ வகுப்பு அம்ப்ளிஃபையரில் இருவருமே ஊஞ்சலிலிருந்து கையை எடுப்பதில்லை. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழுப் பலத்தோடு பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும், உழைப்பெல்லாம் வெப்பமாகும். பி வகுப்பில் ஆளுக்கு ஒரு பாதிதான் வேலை. செலவு குறைவு, ஆனால் ஒருவர் கைவிட்டு மற்றவர் பிடிக்கும் இடத்தில் ஒரு சின்ன உதறல் வரும். மெல்லிய இசையில் அந்த உதறல் காதில் உறுத்தும். இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் ஏபி வகுப்பு. நடுப்பகுதியில் மட்டும் இருவரும் சேர்ந்து பிடிப்பார்கள். நமது வீடுகளில் இருக்கும் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். 1978-இல் வந்து பிரித்தானியா முழுவதும் பேர் வாங்கிய 20 வாட் 'நாட் 3020'-உம் இதுவே. முழு ஏ வகுப்பை விரும்பியவர்கள் 1980-களின் நடுப்பகுதியில் வந்த 'மியூசிக்கல் ஃபிடெலிட்டி ஏ1'-ஐ மறந்திருக்கமாட்டார்கள். அதன் மேல்மூடிதான் சூட்டை வெளியேற்றும் தகடு. அதில் உள்ளங்கையை வைத்திருக்கவே முடியாது.

தம்பி சொன்ன கையகலப் பெட்டி டி வகுப்பு. அதன் வழி வேறு. உங்கள் குசினியில் உள்ள மின்சார அடுப்பைக் கவனியுங்கள். சிறு சூட்டில் வைத்தால் அது எரிந்து எரிந்து அணையும். பானைக்கு அது தெரியாது. அதற்குள் சராசரிச் சூடுதான் போய்ச் சேரும். டி வகுப்பும் அப்படித்தான். டிரான்சிஸ்டர் ஒரு விநாடிக்குப் பல இலட்சம் தடவை திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் பாட்டு இருக்கிறது. வெளிவாசலில் இருக்கும் சுருளும் மின்தேக்கியும், அந்தப் பானையைப்போல, வெட்டுகளைச் சராசரியாக்கி இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். முழுதாகத் திறந்த கதவிலும் முழுதாக மூடிய கதவிலும் உராய்வு இல்லையல்லவா? அதனால்தான் சூடும் இல்லை. முழுப் பலத்தில் ஓடும்போது, வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஏ வகுப்பில் கணக்கின்படியே 50 சதவீதத்தைத் தாண்ட முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'டி' என்றால் டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

மாமாவின் சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1964-இல் பிரித்தானியத் தொழிலதிபர் கிளைவ் சின்க்ளேர் 'எக்ஸ்-10' என்று டி வகுப்பில் ஒன்றை விற்றார். அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. சொன்ன 10 வாட் கிடைக்கவில்லை. அதன்பின் வந்தவற்றிலும் ஸ்பீக்கரை மாற்றினால் மேல்ஸ்தாயியின் குணமும் மாறிவிடும். சுருளைத் தாண்டிய பிறகு வரும் ஒலியையே திரும்ப எடுத்துப் பார்த்துத் திருத்தும் முறையை புரூனோ புட்ஸிஸ் போன்ற பொறியியலாளர்கள் 2000-க்குப் பிறகு செம்மைப்படுத்தினார்கள். அதோடு அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. 2013-இல் நாட் நிறுவனமே தன் புகழ்பெற்ற எண்ணை ஒரு டி வகுப்புப் பெட்டிக்கு வைத்து 'டி 3020' என்று வெளியிட்டது. காலம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

நமது லூயிஷாம் ஒலிக்குப் பேர்போன ஊர். 1976-இல் சாக்ஸன் சவுண்ட் என்ற ரெகே ஒலியமைப்புக் குழு இங்குதான் பிறந்தது. நியூ குரொஸ் பக்கம் இன்னொரு ரெகே ஒலியமைப்பாளர் ஜா ஷாக்கா பல தசாப்தங்களாக மண்டபங்களை அதிரவைத்தார். அந்த மரபில் வால்வு அம்ப்ளிஃபையருக்குத் தனி மதிப்பு உண்டு. அளவுக்கு மிஞ்சி ஓட்டும்போது வால்வு சட்டென்று வெட்டாது, மெல்ல வளைந்து கொடுக்கும். மண்டபத்துக்கு அது சரி. நாங்கள் இருப்பதோ ஒரு சுவருக்கு இருவர் பங்காளிகளான வரிசை வீட்டில், அல்லது அதைப் பிரித்த ஃபிளாட்டில். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 87 டெசிபெல் தரும். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்ட அது போதும். ஆக நாங்கள் நாளாந்தம் கேட்பது ஒரு வாட்டுக்குள்தான். அந்த ஒரு வாட்டுக்காக ஏ வகுப்புப் பெட்டி நூறு வாட்டைக் குடிக்கும். ஒரு யூனிட் 25 பென்ஸ், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்று வையுங்கள்: வருடத்துக்கு ஏறத்தாழ 46 பவுண். 15 வாட் எடுக்கும் குளிர்ந்த பெட்டிக்கு 7 பவுண். குளிர்காலத்தில் அறை சூடாகுமே என்பார்கள். அதே காசுக்கு ஒரு சின்ன ஹீட்டரும் அந்தச் சூட்டைத் தரும்.

சரி, காது என்ன சொல்கிறது? எங்களிடம் ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. கோயிலில் தவிலை நேரில் கேட்டவர்கள் நாங்கள். இடக்கைக் கழி விழும்போது நெஞ்சில் படும் அதிர்வும், வலக்கை விரல்களில் மாட்டிய கூடு தோலில் பட்டுத் தெறிக்கும் கூர்மையும் எங்களுக்குத் தெரியும். நான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, பழைய ஏ வகுப்புப் பெட்டியிலும் புதிய டி வகுப்புப் பெட்டியிலும் மாறி மாறிப் போட்டேன். பழையதுதான் இனிமை என்று உடனே தோன்றியது. பிறகு ஒரே சீரான ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை வைத்து அளந்தேன். பழையது சற்றுக் கூடுதலாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் சமன் செய்தேன். மகள் எனக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டாள். பத்துத் தடவையில் ஐந்து தடவைதான் சரியாகச் சொன்னேன். குருட்டுவாக்கில் சொன்னாலும் அந்த ஐந்து வரும். கொஞ்சம் கூடிய சத்தத்தைக் காது இனிமை என்று எடுத்துக்கொள்ளும். இதை அறியாமல் கடையில் எந்தப் பெட்டியையும் ஒப்பிடாதீர்கள். வால்வுப் பெட்டி தன் பங்குக்குச் சேர்க்கும் மென்மை உண்மையானதுதான். ஆனால் அது பரிமாறுபவர் மேலால் ஊற்றும் நெய். சமைத்தவர் போட்டதல்ல.

குளிர்ந்த பெட்டிக்கும் குறை உண்டு. மலிவானவை சில, பக்கத்தில் மீடியம் வேவ் வானொலி இருந்தால் இரையவைக்கும். பழுதானால் பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்றவேண்டி வரும். பழைய பெட்டியில் உலர்ந்த மின்தேக்கியைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தால் இன்னும் இருபது வருடம் ஓடும்.

ஆகவே அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் என் முடிவு இதுதான். புதிதாக வாங்குவதென்றால் தயங்காமல் டி வகுப்பை வாங்குங்கள். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் அங்கேதான் கேட்கும். அப்பாவின் பெட்டி வேலை செய்தால் அதை எறியாதீர்கள். தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பழுதுபார்த்து வையுங்கள். அதன்மேல் விரித்திருக்கும் பின்னல் துணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சூடான பெட்டி மூச்சுவிட வேண்டும். எந்தப் பெட்டியானாலும் வாரத்தில் ஒரு மாலை, கைபேசியைத் தள்ளிவைத்து, ஒரு இராகத்தை முதலிலிருந்து முடிவுவரை உட்கார்ந்து கேளுங்கள்.