ஏரியும் எரியும்



இராயபுரத்துப் பள்ளியொன்றில் நான் ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன் பாடத்தை உரக்கப் படித்தான். “எரி நிறைந்தது” என்றான். “ஏரி” என்று திருத்தினேன். மறுபடியும் “எரி” என்றான். எனக்குச் சினம் மூண்டது. பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினேன். மாலையில் அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். என் பிரதியில் தெளிவாக இருந்த ஏகாரத்தின் அடிக்கோடு, அவன் பிரதியில் விழவேயில்லை. அச்சிடும்போதே இடையில் ஒடிந்திருக்க வேண்டும். பையன் கண்ணில் பட்டதைத்தான் படித்திருக்கிறான்!

அந்தச் சிறு கோட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. எகரக் குறில் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால், ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். எங்கள் திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுக்கள் உள்ளன. அக்காலக் கல்வெட்டுக்களிலும் புள்ளி அருகியே காணப்படும். குறிலா நெடிலா என்பதை இடம்நோக்கித்தான் உணர வேண்டும். நெடிலுக்கு அடிக்கோடு தந்து இக்குழப்பத்தைத் தீர்த்தவர், 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர்.

ஓலைக்கு ஒரு தொல்லை. ஈயத்துக்கு வேறொரு தொல்லை. சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்கு 1713-இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்தன. அவை மிகப் பெரியவை, தாளோ அரிது. ஆகவே ஆட்லர் என்பவர் அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தார். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

எழுத்தைச் சிறிதாக்குவது எளிதன்று. மூன்று சுழி ணகரத்தைக் குறுக்கினால் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். இரண்டு சுழி னகரத்துக்கும் அதற்கும் வேறுபாடு மறையும். சுழியை அகலமாக்கினால் எழுத்து இடத்தை அடைக்கும். கோட்டை மெலிதாக்கினால் ஒடியும். ஆதலின் வடிவமைப்போன் கருங்கோட்டை மட்டுமன்றி, அதனுள் அடங்கிய வெள்ளை வெளியையும் அளந்து அமைக்க வேண்டும். ஓரெழுத்து அழகாயிருந்தால் போதாது. பக்கத்து எழுத்தினின்றும் வேறாய்த் தெரிதல் வேண்டும்.

இன்று ஈய எழுத்துக்கள் அருகிவிட்டன. கணிப்பொறியில் எழுத்துரு அமைக்கிறோம். கைப்பேசியின் சிறு திரையிலும் அதே ணகரம், அதே அடிக்கோடு, அதே சிக்கல். உங்களுள் எவரேனும் நாளை எழுத்துரு வரையக்கூடும். வரைந்ததைப் பெரிதாக்கி வியந்து நில்லாதீர்கள். சிறிய அளவில், மலிவான தாளில் அச்சிட்டு, இப்போதுதான் படிக்கப் பழகும் குழந்தையிடம் கொடுங்கள். அக்குழந்தை தடுமாறினால், குழந்தையைத் திருத்தாதீர்கள், எழுத்தைத் திருத்துங்கள்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அம்மாணவனிடம் என் வருத்தத்தைத் தெரிவித்தேன். பிறகு பேனாவை எடுத்து, அவன் புத்தகத்தில் விடுபட்ட கோட்டை நானே போட்டுக் கொடுத்தேன்.