குறிப்புரைக் கட்டம்



வருவாய்த் துறையில் முப்பது வருடம் கழித்தவன் நான். வளர்ச்சி, மனித உரிமை என்ற பெரிய சொற்களைப் பிறகு பார்ப்போம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லில் தொடங்குகிறேன்: புறம்போக்கு. நிலப் பதிவேட்டில் அது ஒரு வகைப்பாடு. தெருவில் அது வசவு. ஏட்டில் இருந்தது எப்படி வாய்க்கு வந்தது என்று யோசித்தால், நான் சொல்ல வந்ததில் பாதி முடிந்துவிடும்.

மீதிக்கு நர்மதைக் கரைக்குப் போகவேண்டும். சர்தார் சரோவர் அணைக்கும் அதன் கால்வாய்க்கும் 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. மூன்று மாநிலங்களில் 245 கிராமங்கள் மூழ்கும் பட்டியலில் இருந்தன. அந்த மக்களை யாரும் நினைக்கவேயில்லை என்று சொன்னால் அது பொய். தன் நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெக்டேர் மாற்று நிலம் தரவேண்டும் என்று 1979இலேயே நர்மதை நதிநீர்த் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. அந்தக் காலத்துக்கு அது தாராளமான தீர்ப்பு.

ஆனால் நிலம் இழப்பவர் யார்? சாத்பூரா, விந்திய மலைச் சரிவுகளில் பீல், தட்வி முதலிய பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக உழுத பூமியில் பெரும்பகுதி, அரசு ஏட்டில் காட்டு நிலம். பட்டா கிடையாது. அதனால் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஆக்கிரமிப்பாளர் என்றால் நிலமற்றவர். நிலமற்றவர் நிலத்தை எப்படி இழக்க முடியும்? கணக்கு அழகாக முடிந்துவிட்டது! குஜராத் 1987இல் இவர்களுக்கும் இரண்டு ஹெக்டேர் என்று விதியை மாற்றியது. மற்ற இரண்டு மாநிலங்களும் அவ்வளவு தூரம் வரவில்லை.

எதிர்ப்பு வலுத்த பிறகு 1991இல் உலக வங்கி ஒரு தனி ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தை முன்பு நடத்திய பிராட்ஃபோர்டு மோர்ஸ்; துணைத் தலைவர், கனடாவில் நீதிபதியாக இருந்த தாமஸ் பெர்கர். மறு ஆண்டு ஜூனில் வந்த அவர்கள் அறிக்கை ஒரு பழைய காகிதத்தைத் தூசி தட்டி எடுத்தது: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107ஆம் உடன்படிக்கை. பழங்குடிகள் வழிவழியாக வாழும் நிலம் அவர்கள் உடைமை என்பதை ஏற்கவேண்டும் என்கிறது அது. இந்தியா 1958இலேயே அதை ஏற்றுக்கொண்டிருந்தது. உடன்படிக்கை டில்லி பீரோவில். கணக்கெடுப்புப் படிவம் தாலுகா ஆபீஸில். முப்பது வருடமாக இரண்டும் சந்திக்கவில்லை. கால்வாய் வெட்டுவதால் பாதிக்கப்படும் விவசாயிகள் சுமார் 1,40,000 பேர் என்றும் அறிக்கை சொன்னது. அவர்கள் 'திட்டத்தால் பாதிக்கப்பட்டோர்' என்ற கட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

திட்டத்திலிருந்து ஓரடி பின்வாங்கி யோசியுங்கள் என்றது குழு. வங்கியோ நிபந்தனைகளோடு தொடரலாம் என்றது. அவற்றை நிறைவேற்றத் தந்த கெடு முடியும் தறுவாயில், 1993 மார்ச்சில், மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா சொல்லிவிட்டது. அன்று பலர் கொண்டாடினார்கள். எனக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். கடன் போனபோது அதோடு வந்த நிபந்தனைகளும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. அணை நம் பணத்தில் ஏறியது, 138.68 மீட்டர் உயரத்தில் 2017இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். கட்ச்சுக்கும் சௌராஷ்டிரத்துக்கும் குடிதண்ணீர் போகிறது. அந்தத் தாகமும் உரிமைதான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

வங்கியும் ஒன்று கற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களே நேராகப் புகார் தர 1993இல் ஓர் ஆய்வுக் குழுமத்தை ஏற்படுத்தியது. முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 மின்திட்டம். 1995இல் வங்கி அதிலிருந்து விலகியது. ஆனால் வெளியார் பணத்தோடு வரும் உரிமை, பணம் திரும்பும்போது கூடவே திரும்பிவிடும். அதனால்தான் நான் 2006இன் வன உரிமைச் சட்டத்தைப் பெரிதாக மதிக்கிறேன். 1894இன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை மாற்றி 2013இல் வந்த சட்டத்தையும் அப்படியே. பட்டாதாரர் மட்டுமல்ல, குத்தகைக்காரரும் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அதில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு என்று கேட்காதீர்கள், பட்டமளிப்பு விழா நீண்டுவிடும்.

நானும் இளவயதில் ஒரு நீர்த்தேக்கத்துக்குக் கணக்கெடுத்தவன். ஒரு பாட்டி தன் குடிசைக்குப் பின்னால் நின்ற புளியமரத்தைக் காட்டி, "இத எங்கய்யா எழுதுவீங்க?" என்று கேட்டார். நிலம் புறம்போக்கு, மரத்துக்குக் கட்டம் இல்லை. கடைசியில் 'குறிப்புரை' என்று விரல் அகலத்துக்கு ஓர் ஓரம் இருந்தது. அதில் எழுதியிருக்கலாம். ஜீப் காத்திருந்தது, மணி நாலாகிவிட்டது, "பாக்கலாம் பாட்டி" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.