சூசையப்பரும் ஐயுற்றார்

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி என்பது நன்றி கூறும் காலம் மட்டுமன்று. மன்னிப்புக் கேட்கும் காலமும் ஆகும். எனவே என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசைமேல் வைத்தான். அது கல்லாகிப் போன கடற்சிப்பி. "சார், கடலே இல்லாத நம்ம ஊருக்கு இது எப்படி வந்தது? ஆறே நாளில் உலகம் உண்டாயிற்று என்றால் இதற்கு என்ன பதில்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. "விசுவாசத்தில் கேள்வி கேட்கக்கூடாது, உட்கார்!" என்று அதட்டினேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பிறகும் வரவில்லை.

அன்பர்களே, அவன் கேட்டது நியாயமான கேள்வி. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் பல இடங்கள் ஒரு காலத்தில் கடலாக இருந்தன. நம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களே அதற்குச் சாட்சி. சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையுள்ள கல்மரம் கிடக்கிறது. திருச்சபை இவற்றைக் கண்டு அஞ்சவில்லை. திருநூலாசிரியர்கள் எந்த இலக்கிய வகையில் எழுதினார்கள் என்பதை ஆராய்ந்து படிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகக் கற்பித்தது. படைப்பு வரலாறு மண்ணியல் பாடமன்று. அனைத்தும் இறைவனுடையது என்னும் அறிக்கை. இதை நான் அன்றே படித்து வைத்திருக்கலாம்.

ஐயம் பாவமென்றால், சூசையப்பரை எங்கே வைப்பது? நம் எலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் நிழலில் நெடுங்காலம் பணிபுரிந்த வீரமாமுனிவர், 'தேம்பாவணி' என்னும் பெருங்காப்பியத்திற்குச் சூசையப்பரையே தலைவராக்கினார். அதில் அவருக்கு ஐயம் தோன்றியதை ஒரு படலமாகவும், அது நீங்கியதை மற்றொரு படலமாகவும் பாடியிருக்கிறார். புனிதருக்கு இது இழுக்கு என்று மறைக்கவில்லை. வானதூதர் வந்து பேசிய பிறகும் சூசையப்பருக்கு எல்லாம் விளங்கிவிடவில்லை. ஆலயத்தில் பாலனைக் கண்டெடுத்த நாளிலும், அவர் சொன்ன சொல் பெற்றோருக்குப் புரியவில்லை என்றே நற்செய்தி கூறுகிறது. புரியாமலே அவர் மரியன்னையைக் காத்தார், எகிப்துக்கு நடந்தார், தச்சு வேலை செய்து பாலனை வளர்த்தார்.

பெத்சாயிதாவின் பார்வையற்றவரை நினைத்துப் பாருங்கள். இயேசு முதலில் தொட்டபோது, மனிதர் அவருக்கு நடமாடும் மரங்களைப் போலவே தெரிந்தனர். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மீண்டும் ஒருமுறை கைவைத்தார். நம்மில் பலர் இன்னும் அந்த முதல் தொடுதலுக்கும் இரண்டாம் தொடுதலுக்கும் நடுவில்தான் நிற்கிறோம். அதில் வெட்கமில்லை. அரைப் பார்வையோடு எழுந்து போய்விடுவதுதான் ஆபத்து.

ஐயம் வேறு, அலட்சியம் வேறு. ஐயமுள்ளவன் தேடுகிறான்; அலட்சியமுள்ளவன் தேடுவதில்லை. நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் ஒரே நாளில் உண்டானதா? கடலடியில் துகள்மேல் துகள் படிந்து இறுகிய கல் அது. விசுவாசமும் அப்படித்தான். ஒரு செபமாலை, ஒரு திருப்பலி, கண்ணீரோடு கழிந்த ஓர் இரவு என்று ஒவ்வொன்றாகப் படிகிறது.

அந்தச் சிறுவனைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவன் தாயாரின் அடக்கத் திருப்பலியில் கண்டேன். கோவிலின் கடைசித் தூணருகே நின்றிருந்தான். அருகில் சென்று, "தம்பி, அன்று நான் செய்தது தவறு" என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கேள்வி இன்னும் இருக்கிறது சார். ஆனாலும் அம்மாவுக்காகச் செபிக்கணும்னு தோணுது" என்றான். இப்போது சில ஞாயிறுகளில் வருகிறான்; அதே தூணருகே நிற்கிறான். நானும் சில சமயம் அவனருகே போய் நிற்கிறேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால், "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். இந்த யூபிலி ஆண்டில் நம் கோவிலின் கடைசித் தூணருகே நிற்பவர்களுக்கும் இடம் உண்டு என்று காட்டுவோம். ஐயுற்றும் அகலாமல் நின்ற சூசை மாமுனிவர் நமக்காக மன்றாடுவாராக!

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!